பிழை வரம்பு

சிம்மக்கல்லில், மோட்டார் பம்பு கடைக்கு மேல்மாடியில்
எனக்கொரு மேசை, சத்தம் போடும் மின்விசிறி,
‘சம்பந்தி வீட்டுச் சாம்பார்’
இரண்டாயிரத்து எண்ணூற்று நாற்பத்தொரு பகுதிகள்.
பதினோரு வருஷம். மாப்பிள்ளையாக மூன்று பேர் நடித்துவிட்டார்கள்.
நாயையும் ஒருமுறை மாற்றினார்கள், யாரும் கவனிக்கவில்லை.
எப்போது சிரித்தார்கள் என்பது என் வேலை இல்லை.
எப்போது எழுந்து போனார்கள் என்பதுதான்.

தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி.
வீட்டில் ஆளுக்கொரு பொத்தான்.
உட்கார்ந்தால் அமுக்க வேண்டும், எழுந்தால் மறுபடியும்.
வந்தவர்களுக்கென்று தனியாக ஒன்று: விருந்தாளி.
அமுக்கிவிட்டு ஆணா பெண்ணா, என்ன வயது, சொல்ல வேண்டும்.

அழகர் ஆற்றில் இறங்குகிற வாரம்
கோடு தரையில் விழுந்து கிடக்கும்.
சென்னையிலிருந்து தெய்வசிகாமணி சார் வருஷம் தவறாமல் பதறுவார்.
‘மதுரைக்கு என்னய்யா ஆச்சு?’
‘ஆத்துக்குப் போயிருக்கு சார்.’

வீடு 0417.
பெயர் கிடையாது, தெரு கிடையாது. விதி அப்படி.
மதிய மறுஒளிபரப்பு மாதத்தில் ஒரு நாள் விட்டுப்போவதை
பேப்பரில் வரும் மின்தடை அறிவிப்போடு ஒட்டிப் பார்த்து
செல்லூர் என்று கண்டுபிடித்து வைத்திருக்கிறேன்.
யாரிடமும் சொன்னதில்லை.

மூன்றாம் பொத்தான்: பெண், 23.
ஏழரைக்கு மூன்று நொடி முன்னாலேயே அமுக்கிவிடுவாள்,
தலைப்புப் பாட்டு தொடங்குமுன்.
நான்கு வருஷம். பரீட்சை நாளிலும்.
வைகாசியில் ஒரு வியாழக்கிழமையோடு நின்றது.
முப்பத்தாறு பகுதிகள் பூஜ்யம்.
ஆடி பிறந்தது.
விருந்தாளி: பெண், 23.
ஏழரைக்கு மூன்று நொடி முன்னால்.

அவளே அமுக்கினாளா,
இனி உனக்கு இதுதான் என்று யாராவது காட்டிக்கொடுத்தார்களா,
பெட்டிக்குத் தெரியாது.

ஐப்பசியில் தலைதீபாவளி.
விருந்தாளி இரண்டு. ஆண், 29. பெண், 24.
அம்மா, அப்பா, பள்ளிக்கூடம் போகிற பையன்,
அந்த வீட்டில் எல்லாப் பொத்தானும் எரிகிறது.
சிறப்புப் பகுதி, 2703.
ஏழு நாற்பத்துநாலுக்குத் தொலைக்காட்சி அணைந்தது.
விளம்பர இடைவேளை இல்லை. மின்தடையும் இல்லை.

பகுதியைத் தேடி எடுத்துப் பார்த்தேன்.
மாப்பிள்ளை கைநீட்டிவிட்டான், மகள் பெட்டியோடு வாசலில்.
சம்பந்தி சாம்பார் வாளியோடு பஞ்சாயத்துக்கு வருகிறார்:
‘அடிக்கிற கைதானம்மா அணைக்கும்!’
ஒன்பது நொடிச் சிரிப்பு, ஏற்கெனவே பதிவு செய்தது.
முதல் தடவை எனக்கும் சிரிப்பு வந்தது.
இரண்டாம் தடவை நேரத்தைப் பார்த்துக்கொண்டே பார்த்தேன்.
அந்த ஒன்பது நொடிக்குள் இருக்கிறது ஏழு நாற்பத்துநாலு.

அதே நிமிடத்தில் இன்னும் பதினோரு வீடுகள்.
அவை எந்த ஏரியா என்று தேடப் போகவில்லை.
சிக்கந்தர் வாங்கி வைத்த டீ ஆடை கட்டிவிட்டது.

‘பன்னெண்டு வீடா? பிழை வரம்புக்குள்ள போயிரும்யா’ என்றார் சார்,
‘அந்த வாரத்துக்கே அதான் முதலிடம்.’
உண்மைதான். கோட்டில் கண்ணுக்கே தெரியாது.
பெரிதாக்கி, இன்னும் பெரிதாக்கினால்
சீப்பில் ஒரு பல் போன இடம்போல இருக்கிறது.

தை இருபது: பொத்தான் மூன்று.
விருந்தாளி இல்லை, மூன்று.
மறுநாளும். மாசி முழுக்க. பங்குனியிலும்.
ஆனால் ஏழரைக்கு இல்லை.
ஏழரைக்கு 0417 முழுக்க இருட்டு, பையன் உட்பட.
எட்டு மணிக்கு அமுக்குகிறாள். கபடி.
அவளோடு அப்பாவும்.

மென்பொருள் வரிசையைச் சிவப்பாக்கிக் கேட்கிறது:
‘நீக்கப்பட்ட உறுப்பினர். தரவு முரண். அழிக்கவா?’
கீழே பம்பு ஒன்றை ஓடவிட்டுச் சோதிக்கிறார்கள், மேசை நடுங்குகிறது.
வேண்டாம் என்று கொடுத்தேன்.
காரணம் எழுதச் சொன்னது, இருபது எழுத்துக்குள்.
‘வீட்டில் இருக்கிறார்’ என்று அடித்தேன்.
இடம் மீதி இருந்தது.