ஆறாவது நொடி

ஏழாவது முறையும்
நன்றாகக் கழுவித் தந்தார்கள்.
டயருக்குக்கூடப் பாலிஷ்.

வேலைச் சீட்டில் அதே வரி:
‘சத்தம் என்கிறார் வாடிக்கையாளர்.
சோதித்ததில் இல்லை.’

செம்மண்டலத்தில் அது வாய் திறக்காது.
கெடிலம் பாலத்தின் இணைப்புகளில் ஏறி இறங்கினால்தான்
இடது முன்சக்கரத்துக்கு மேலே எங்கோ
சில்லறை டப்பாவை ஒருமுறை குலுக்கும்.
லிங்க் இரண்டு மாற்றியாயிற்று, புஷ் மூன்று.
சீட்டின் பிளாஸ்டிக் உறையை
இன்னும் நான் கிழிக்கவில்லை.
தவணை மட்டும்
ஐந்தாம் தேதி சத்தமில்லாமல் போகிறது.

இன்று சாவியைக் கொடுக்கவில்லை.
‘ஏறுங்க’ என்றேன்.
அட்வைசர் இருதயராஜ்
கடிகாரத்தைப் பார்த்தபடி ஏறினார்.

பாலம். மாலை ஷிப்ட் பஸ்கள். குலுங்கியது.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
‘திரும்ப ஒருவாட்டி போங்க.’
மூன்றாம் சுற்றில்
தன் போனைக் காலடியில் வைத்துப் பதிந்தார்,
எனக்கு அனுப்பினார்,
தன்னுடையதில் அழித்தார்.

‘நீங்க எடுத்ததா சொல்லுங்க மேடம்.
பதினாலாம் தேதி வாரண்டி முடியுது.
நான் எழுதினா நார்மல்னுதான் எழுதணும்.’

இரவு போட்டுக் கேட்டேன்.
ஹாரன், காற்று,
நாலாவது நொடியில் அது.
ஆறாவதில், மிகத் தாழ்ந்து,
‘ஆமா’ என்று அவர் குரல்.

கம்பெனிக்கு அனுப்புமுன்
அந்த ஆறாவது நொடியை
வெட்டினேன்.