பழைய ரயில்பாதையில் கணக்கெடுப்பு

ஜூலையில் யார்க்ஷயர் இருட்டு
தாமதமாக வரும் விருந்தாளி.
மணி பத்தரை ஆகியும்
மேற்கே ஒரு கோடு வெளுத்துக் கிடக்கிறது
மோர் சிந்தியதுபோல்.

தண்டவாளத்தைப் பெயர்த்து அறுபது வருஷம்.
சுண்ணாம்புப் பாறையைக் குடைந்த இந்தப் பள்ளத்தில்
இப்போது நேரத்துக்கு ஓடுவது முயல்கள்தாம்.
படல் கதவில் ஒரு பலகை:
நாய்களைக் கயிற்றில் பிடிக்கவும்.

ஆறு பேர் வந்திருக்கிறோம்.
படிவத்தை அட்டையில் செருகிக்
கழுத்தில் தொங்கவிட்டிருக்கிறாள் வெண்டி ஹார்ட்டஸ்.
டார்ச்சின் முகத்துக்குச்
சிவப்பு மிட்டாய்க் காகிதம் கட்டியிருக்கிறார் லயனல்.

இங்கத்து மின்மினிப் பெண்ணுக்கு
இறக்கை கிடையாது.
புல்லில் பாதி ஏறி
வால்நுனியைத் திருப்பிவைத்துக்
காத்திருப்பாள், பச்சையாய்,
அன்ன ஆகாரம் இல்லாமல்.
துணை வந்த இரவே விளக்கை அணைத்துவிடுவாள்.
"ஆக, நாம் எண்ணுவது
ஆள் கிடைக்காதவர்களைத்தான்" என்றார் லயனல்.
யாரும் சிரிக்கவில்லை.
கொஞ்சம் கழித்து ரோஸலிண்ட் சிரித்தாள்.
போன மாதம்தான் விவாகரத்து
கையெழுத்தானது அவளுக்கு.

ஒன்று, முட்புதர் ஓரம்.
இரண்டும் மூன்றும் அக்கம்பக்கத்து வீடுகள்.
நான்கு என்று நான் கூவியது சாக்லேட் தாள்;
வெண்டி ரப்பரால் அழித்தாள்.
சிக்னல் கம்பம் நின்ற குழிவரை போய்
ஏழு.
போன வருஷம் இருபத்து மூன்று.
கோடையின் குற்றமா, களைக்கொல்லியா,
தெருவிளக்கா?
ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தோம்,
குரலைத் தாழ்த்தி,
நோயாளி படுத்திருக்கும் அறையில் போல.

எட்டாவது
முழங்கால் உயரத்தில் நின்றது.
மற்ற ஏழையும் சேர்த்தாலும் அத்தனை வெளிச்சம் வராது.
பிறகு அது நடந்தது.
பிறகு குரைத்தது.

பின்னாலேயே மூச்சிரைக்க ஒருவன்,
வீட்டுச் செருப்போடு,
"கிப்பர்! கிப்பர்!" என்று.
பலகையைப் பார்த்தேன், மன்னியுங்கள்,
கயிறு அறுந்துவிட்டது, மன்னியுங்கள்.
ரோஸலிண்ட் குனிந்து நாயைப் பிடித்தாள்.
அப்படியே அசையாமல் இருந்தாள்.

கழுத்துப்பட்டையின் பச்சை விளக்கின் மேல்
அரிசி நீளத்தில் ஒரு பழுப்பு வண்டு.
இறக்கை உண்டு.
தலை முழுக்கக் கண்.
பிளாஸ்டிக்கைச் சுற்றிச் சுற்றி
அது வாசல் தேடிக்கொண்டிருந்தது.

"அணைத்துவிடுங்கள்" என்றாள் வெண்டி.
"அணைத்தால் இவனை மறுபடி தொலைத்துவிடுவேன்."
"நான் பிடித்திருக்கிறேன்" என்றாள் ரோஸலிண்ட்.

பட்டனை அமுக்கினான்.
நாயின் மூச்சு.
இருட்டில் அவள் விரலில் அது ஏறி
கணுவரை வந்ததாகச் சொன்னாள்.
எந்தப் பக்கம் பறந்தது என்று
அவளுக்கும் தெரியவில்லை.

படிவத்தில் ஆணுக்குக் கட்டம் இல்லை.
வெண்டி ஓரத்தில் எழுதினாள்:
ஆண் 1, நாயின் மேல்.

வண்டியில் ஏறிச் சாவியைத் திருப்பினேன்.
முகப்பில் சின்னதாய் ஒரு பச்சைப் புள்ளி.
புழுக்கம்தான்,
இருந்தும் கண்ணாடிகளை ஏற்றிவிட்டுத்தான்
கிளம்பினேன்.