ஒரு நாள் கூட்ட, ஒரு நாள் குறைக்க

"பிறை தெரியவில்லை. உடனே சரிசெய்யவும்."
போன மாதம் டர்பனிலிருந்து வந்த முறையீடு.
கூடவே ஒற்றை நட்சத்திரம்.

நான் எழுதிய செருகுநிரல்
பள்ளிவாசல் தளங்களின் மூலையில்
ஹிஜ்ரித் தேதி காட்டும், வேறொன்றும் செய்யாது.
நானூறு வரி. மூவாயிரத்துச் சொச்சம் தளங்கள்.
காசு கிடையாது. ஒருமுறை
பினாங்கிலிருந்து யாரோ மூன்று டாலர் அனுப்பினார்
டீ குடிக்கச் சொல்லி.
கீழக்கரையில் அதற்குப் பதினேழு டீ வரும்.

கணக்கு சுத்தமானது.
முப்பது வருடத்துக்குப் பதினோரு மிகைநாள்,
யாரோ எப்போதோ வகுத்தது,
நான் அடுக்கி மட்டும் வைத்தேன்.
ஆனால் மாதம் கணக்கிலா பிறக்கிறது?
கொழும்பு கண்டதை டர்பன் காணாது.
ஒரே தெருவில் இரண்டு பெருநாள் வந்த வருடமும் உண்டு.
அதனால் அமைப்புப் பக்கத்தில்
ஒரு சின்னப் பெட்டி வைத்தேன்:
ஒரு நாள் கூட்ட, ஒரு நாள் குறைக்க.
ஏழு வருடத்தில் நான் செய்த உருப்படியான வேலை
அந்தப் பெட்டிதான்.
டர்பன்காரர் அதைத் திறந்ததே இல்லை.

மற்றதெல்லாம் துருவோடு மல்லுக்கட்டுவது.
இங்கே உப்புக்காற்று;
ரவுட்டரின் வாயில் பச்சை பூத்துவிடும்,
வருடத்துக்கு ஒன்று.
அங்கே, நான் தொடாத வரிகள்
தொடாததாலேயே கெட்டுப்போகின்றன.
நேற்றுவரை செல்லுபடியான ஒரு கட்டளை
இன்று "வழக்கொழிந்தது" என்று
மஞ்சளாய் முனகும்.
ஒன்றுமே மாறாவிட்டாலும்
'இதுவரை சோதிக்கப்பட்டது' என்ற இடத்தில்
எண்ணை ஏற்றிப் போடவேண்டும்.
மறந்தால் என் பெயருக்கு மேலே பலகை தொங்கும்:
இது பராமரிப்பில் இல்லை போலும்.
போலும்.
அந்த ஒரு சொல்லுக்காக
நள்ளிரவில் எழுந்து எண்ணை மாற்றியிருக்கிறேன்.

ஷஅபான் இருபத்தெட்டில் ஒரு மடல்.
உங்கள் செருகுநிரலை வாங்கிக்கொள்கிறோம்,
இரண்டாயிரத்து ஐந்நூறு டாலர்,
கணக்கின் சாவியைத் தந்தால் போதும்.
கீழே பெயர் இல்லை, நன்றி மட்டும் இருந்தது.
மச்சான் இபுறாம்சா
அஜ்மானிலிருந்து போனில் பெருக்கிப் பார்த்தார்:
"ரெண்டு லட்சத்துக்கு மேல வருது புள்ள,
என் நாலு மாசம்."
அவர் சொன்னதில் தப்பில்லை.
மாடி ஒழுகுகிறது.
மடிக்கணினியில் அரைப்புள்ளி விசை செத்துவிட்டது;
ஒவ்வொரு வரியின் முடிவுக்கும்
பழைய கோப்பிலிருந்து ஒன்றை
நகலெடுத்து ஒட்டுகிறேன்.

அவர்கள் முன்பு வாங்கியவற்றைத் தேடினேன்.
ஒரு படத்தொகுப்பு. ஒரு தொடர்புப் படிவம்.
இரண்டும் அடுத்த பதிப்பிலேயே
ஓசையில்லாமல்
சூதாட்டத் தளத்துக்கு வழி திறந்திருந்தன.
'புதுப்பி' என்று அழுத்தியவர்கள்
நம்பி அழுத்தியது
பழைய ஆளின் பெயரை.

மூவாயிரம் வாசல்.
ஒன்றிலும் நான் செருப்புக் கழற்றியதில்லை.
சாவி மட்டும் என்னிடம்.
பதில் எழுதவில்லை. மறுக்கவும் இல்லை.
மடலை அழிக்காமல் வைத்திருப்பது
எந்த வகைப் பதில் என்று
எனக்கே தெரியாது.

மறுநாள் மஃரிபுக்குப் பிறகு
ஜெட்டிப் பக்கம் கூட்டம்.
ஏர்வாடித் திசையில் மேகம்,
காலடியில் ஒதுங்கிய பாசியின் வீச்சம்.
பையன்கள் ஒரு விமான விளக்கைப் பார்த்துப்
பிறை பிறை என்று கத்தி
அடி வாங்கினார்கள்.
கையிலிருந்த போனில் என் கணக்கு
ரமலான் ஒன்று என்று சொல்லிவிட்டிருந்தது,
மேகத்தைக் கேட்காமலே.
கூட்டத்துக்குள் போனைக் கவிழ்த்துப் பிடித்தேன்.

டர்பனில் அஸர்கூட ஆகியிருக்காது.
நின்றபடியே பெருவிரலால் அவருக்கு எழுதினேன்:
"அமைப்புப் பக்கம், மூன்றாவது பெட்டி.
இங்கேயும் தெரியவில்லை.
உங்களுக்கு இன்னும் பொழுது இருக்கிறது,
பார்த்துவிட்டுப் போடுங்கள்."

பிறகு எங்கள் பள்ளியின் தளத்தைத் திறந்து
ஒரு நாள் குறைத்தேன்.