இடப்பக்கம் இரண்டடி

நாம்பா நகரத்தில் வீடு விற்கிறவர்களுக்குப்
பலகைக் கம்பம் நடுவது என் வேலை.
நாற்பத்தைந்து டாலர், நடவும் பிடுங்கவும் சேர்த்து.
எத்தனை நாள் நின்றாலும் அதே காசு.

அந்த வருஷம்
வியாழக்கிழமை நட்டதைத் திங்கட்கிழமை பிடுங்கினேன்.
கிளறிய மண்ணில் ஈரம்கூடக் காய்ந்திருக்காது.
கலிபோர்னியாவிலிருந்து வந்தவர்கள்
காரை அணைக்காமலே விலை கேட்டார்கள்.
கூரை ஒழுகுமா என்று ஒருவர் வாயிலும் வரவில்லை.
'விற்றாயிற்று' என்ற சிவப்புத் தகடுகள்
என் வண்டியில் ஒருநாளும் ஓய்ந்து படுத்ததில்லை.
ஓரம் மடங்கி, எழுத்து உரிந்து,
'விற்றாயி' என்ற அளவில் ஊர் சுற்றின.
ஏஜென்ட் மாயிட்டே உருட்டியா
போனைக் காதில் வைத்துக்கொண்டே
இடத்தை எனக்கு விரலால் காட்டுவாள்.

இப்போது அவளே காபி வாங்கித் தருகிறாள்.
மூடியைத் திறந்து, ஊதி, நிதானமாகக் குடிக்கிறாள்.

மூன்றாக இருந்த வட்டி ஏழானதை
எனக்குச் சொன்னது புல்.
இயந்திரம் எட்டாத கம்பத்தடியில்
முழங்கால் உயரத்துக்கு நின்றது.
கால்வாய்ச் சாலைக் கம்பம் ஒன்றின் குறுக்குச் சட்டத்தில்
ராபின் கூடு கட்டி, முட்டையிட்டு,
குஞ்சுகள் பறந்தும் போய்விட்டன.
வீடு அங்கேயே இருக்கிறது.

'விலை குறைக்கப்பட்டது' தகடு
முன்பெல்லாம் நாலே நாலுதான் வைத்திருந்தேன்.
போன மாதம் அறுபது அடிக்கக் கொடுத்தேன்.
எதற்கு இத்தனை என்று அச்சுக்காரர் கேட்கவில்லை.
அவருக்கும் ஒரு வீடு விற்க இருக்கிறது.

நான் வாடகைக்காரன்.
விலை இறங்கட்டும் என்று காத்திருந்தேன்.
இறங்கியது.
வட்டி ஏறி அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது.
மாதத் தவணையைக் கணக்குப் போட்டால்
அதே எண், சில்லறைதான் வேறு.

அக்டோபர்.
ஆலையில் சர்க்கரைக் கிழங்கு வேகத் தொடங்கிவிட்டது.
வீடு பார்க்க ஆள் வரும்போது
ஜன்னலைத் திறக்காதீர்கள் என்று
மாயிட்டே எல்லோரிடமும் சொல்கிற மாதம்.

இன்றைய முகவரியைப் பார்த்ததும் தெரிந்தது,
ஏற்கெனவே நட்ட இடம்.
அன்று இந்த வீட்டுக்குப் பதினேழு பேர் போட்டி.
ஜெயித்தவள் டெலைலா ஹாஃப்ஸ்டெட்டர்.
கேட்ட விலைக்கு மேலே நாற்பதாயிரம்,
கூடவே விற்கிறவர்களுக்கு ஒரு கடிதம்,
கொல்லைச் செர்ரி மரத்தைப் புகழ்ந்து இரண்டு பக்கம்.

கேஸ் குழாய்க்கு மஞ்சள் சாயம் அடித்திருந்தார்கள்,
வலப்பக்கம், தள்ளி.
கடப்பாரையை ஓங்கவே வேண்டியிருக்கவில்லை.
பழைய குழி. நான் தோண்டி நான் மூடியது.
தானாக இறங்கியது.

"அங்கே வேண்டாம்" என்று குரல்.
இரவு வேலை முடிந்து வந்த நர்ஸ் உடையோடு
வாசற்படியில் நின்றாள்.
"டூலிப் கிழங்கு புதைத்திருக்கிறேன்.
அந்த இடத்தில்தான் மண் இளக்கமாக இருந்தது."
"எப்போது?"
"போன ஞாயிறு."

விற்பனைப் பத்திரத்தில் அவள் கையெழுத்துப் போட்டது
அதற்கு முந்தைய புதன்.
மாயிட்டே தேதியைச் சொல்லியிருந்தாள்.
நான் தேதியைப் பற்றிப் பேசவில்லை.
"ஏப்ரலில் பூக்கும்" என்றாள்,
யாருக்கு என்று சொல்லாமல்.

கடப்பாரையை உருவினேன்.
நுனியில் வெள்ளையாக, ஈரமாக, ஒரு துண்டு.
அவள் பார்ப்பதற்குள்
கால்சட்டையில் துடைத்துக்கொண்டேன்.

இடப்பக்கம் இரண்டடி.
அங்கே ஒரு சாண் மண், அதற்குக் கீழே
சிமெண்ட் மாதிரி இறுகிய களிமண்.
நாற்பது நிமிஷம். நாற்பத்தைந்து டாலர்.
நடுவில் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து
படியில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

சாயங்காலம் மாயிட்டேயின் போன்.
"பலகை தெருவுக்கே தெரியவில்லை.
பக்கத்து வீட்டு வேன் மறைக்கிறது.
பழைய இடத்துக்கு என்ன?"

"கேஸ் குழாய்" என்றேன்.