ஏறும்போது உப்பு

துலூத் நகரில் ஜனவரி.
இரவு பதினொன்றுக்கு நான் வண்டி எடுக்கக் கிளம்பும்போது
ஐலா சமையலறை மேசையில்
இரண்டு சிறுநீரகங்களோடு உட்கார்ந்திருப்பாள்.

ஒன்று கல்லூரியுடையது.
போன வசந்தத்தில் இரண்டு மதிப்பெண்ணில் தவறி
இப்போது மறுபடி படிப்பது.
பேராசிரியர் ஹோல்ம்பெர்குக்கு அதன் கணக்கெல்லாம் வேண்டும்,
அம்புக்குறி போட்டு, அலகு எழுதி.

மற்றது உரிமத் தேர்வுடையது.
பிப்ரவரி இருபத்தாறு, காலை எட்டு மணி.
அதற்குக் கணக்கு வேண்டாம்.
ஐம்பத்தெட்டு வயது லாரி ஓட்டுநர், இரு கால்களிலும் வீக்கம்,
ஐந்து விடைகளில் ஒன்று,
தொண்ணூறு நொடி.
(நான் குனிந்து என் கால்களைப் பார்த்துக்கொண்டேன்.)

"ஒரே உறுப்புதானே" என்று ஒருமுறை கேட்டுவிட்டேன்.
அன்று என் காபியை நானே போட்டுக்கொண்டேன்.

ஃபிரிட்ஜ் கதவில் நாட்காட்டி.
பச்சை மை கல்லூரிக்கு, சிவப்பு உரிமத்துக்கு.
ஒரே ஒரு நீலம், என் பிறந்தநாள்.
அதன் மேலும் ஓரமாய் ஒரு சிவப்புக் கோடு.
ஹிப்பிங்கிலிருந்து அவள் அம்மா அழைத்து
"பரீட்சை முடிந்ததா?" என்பார்.
"எது?" என்பாள் இவள்.

பகலில் தன்னைவிட ஒரு வருடம் இளையவர்களோடு
மூன்றாம் வரிசையில் உட்காருகிறாள்.
மரியாதையாகத்தான் நடத்துகிறார்களாம்.
கதவைத் திறந்து பிடிக்கிறார்கள்.
குழு பிரிக்கும்போது மட்டும்
அவளைச் சேர்க்காமல் எண்ணுகிறார்கள்.
உப்புக்குச் சப்பாணி.

மாவு விற்கப் போனால் காற்று,
உப்பு விற்கப் போனால் மழை.
பச்சைக்குப் படித்த வாரம்
மாதிரித் தேர்வில் நாற்பத்தொன்பது சதவீதம்.
சிவப்புக்குப் படித்த வாரம்
ஹோல்ம்பெர்க் அவள் தாளைத் திருப்பி அனுப்பினார்,
மதிப்பெண் இல்லை, ஒரு கேள்விக்குறி மட்டும்.

என் வழித்தடம் பதினாறு.
மேட்டிலிருந்து இறங்கி, ஏரிக்கரையில் திரும்பி,
மறுபடி மேட்டில் ஏறுவது.
பின்னால் ஏழு டன் உப்பு. விடியும்வரை இதே வளைவு.

ஞாயிறுகளில் அவளுடைய அட்டைகளை வைத்துக்கொண்டு
நான்தான் கேள்வி கேட்பேன்.
மருந்துப் பெயர்களை நான் கொல்வதைக் கேட்டு
அவளுக்கு அவை மறப்பதில்லையாம்.
அப்படித்தான் தெரிந்துகொண்டேன்,
சிறுநீரகத்துக்குள்ளும் ஒரு வளைவுச் சாலை.
இறங்கும்போது நீர் வெளியேறும்.
ஏறும்போது உப்பு.

அதிகாலை நாலு மணி, மெஸாபா அவென்யூ ஏற்றம்,
பின்னால் உப்பு சிதறும் சத்தம்.
எனக்கு உடல் சிலிர்த்தது.

பூட்ஸைக்கூடக் கழற்றாமல் சொன்னேன்.
முழுக்கக் கேட்டாள்.
"இதைத்தான் போன வருஷம் எழுதினேன்" என்றாள்.
"உன் வண்டி, அதன் நம்பர் உட்பட.
அந்தக் கேள்விக்கு மூன்று மதிப்பெண்."

தவறியது இரண்டில்.

முதலில் சிரித்தது யார் என்று ஞாபகமில்லை.
நான் நிறுத்திய பிறகும் அவள் நிறுத்தவில்லை.
கொஞ்ச நேரத்தில் அது சிரிப்பாக இல்லை.

அடுத்த வாரம் குளிர் மைனஸ் இருபத்தெட்டு.
அந்தக் குளிரில் உப்பு எதையும் உருக்காது.
டிப்போவில் மணல் ஏற்றினார்கள்.
மணல் பனியை ஒன்றும் செய்வதில்லை.
மேலே கிடக்கும்.
டயருக்கு ஒரு பிடி, அவ்வளவுதான்.

இதை நான் வீட்டில் சொல்லவில்லை.

வியாழக்கிழமை தேதியைத் தள்ளிவைத்தாள்.
மார்ச் பத்தொன்பது.
அதற்கான கட்டணம், என் கணக்கில், நான்கு இரவு ஓவர்டைம்.
பழைய சிவப்பை அடிக்காமல்
புதிய கட்டத்தில் இன்னொரு சிவப்பு வைத்தாள்.
பச்சை அப்படியே இருக்கிறது, பிப்ரவரி ஒன்பது.

அன்றிரவு நான் கிளம்பும்போது தூங்கிவிட்டிருந்தாள்,
மேசை மேல் தலை, கன்னத்தில் ஒட்டிய அட்டை.
வெளியே தெரிந்தது விடை.
எந்தக் கேள்விக்கு என்று பார்க்க
அவளை எழுப்ப வேண்டும்.

விளக்கை அணைக்கலாமா என்று யோசித்தேன்.
விட்டுவிட்டுச் சாவியை எடுத்தேன்.