தேறல்

டிக்கெட் கொடுத்த ஜன்னலில் இப்போது
டோக்கன் விற்கிறார்கள்.
நாற்பது வெள்ளிக்கு ஆறு வில்லை,
மணிக்கட்டில் ஒரு பச்சைக் காகிதப் பட்டை.
எங்கே போகிறாய் என்று யாரும் கேட்கவில்லை.
ரயில் வராத நிலையத்தில்
எல்லாரும் வந்து சேர்ந்தவர்கள்தான்.

முகப்பில் நான்கு கற்சிலைகள்:
வேளாண்மை, வணிகம், போக்குவரத்து, தொழில்.
ஐந்தாவதற்கு இடம் விடாமல் போய்விட்டார்கள் பார் என்று
பூன் ஹுவி தன் தொப்பையைத் தட்டிக் காட்டினான்.
சித்தி ஹஜர் இஞ்சிச் சோடா தேடிப் போனாள்.
பீர் ஊற்றாத இடம் இங்கே
கழிப்பறை ஒன்றுதான் என்றார்களாம்.

என் வேலை தண்ணீர் வேலை.
"பொண்ணு தண்ணி டிபார்ட்மெண்ட்" என்று
அம்மா தரகரிடம் சொல்லப்போய்
ஒரு சம்பந்தம் அங்கேயே கவிழ்ந்தது.
ஊர் குளித்தது, அலசியது, இழுத்துவிட்டது
குழாய்வழி எங்களிடம் வரும்.
சவ்வு, அழுத்தம், புற ஊதா ஒளி.
கடைசியில் ஒரு குப்பியாக என் மேசைக்கு.
கலங்கல் எவ்வளவு, உப்பு எவ்வளவு, கிருமி உண்டா.
எல்லாம் சரியென்றால்
ஒரு பொத்தானை அழுத்துவேன்:
தேறியது.
பதினோரு வருடம். ஒருநாளும்
அதை வாயில் வைத்ததில்லை.

நடைமேடையின் கோடிக் கடையில்
சாக்பீஸால் எழுதியிருந்தார்கள்:
மீட்ட நீரில் காய்ச்சியது.
முன்னால் நின்ற பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு
தோழியைப் படமெடுக்கச் சொன்னாள்.
எனக்குக் கொஞ்சம் கோபம்,
நல்ல மார்க் வாங்கிய பிள்ளையின்
பழைய பட்டப்பெயரை
யாரோ உரக்கச் சொன்னதுபோல.

பீப்பாய் உருட்டி வந்தவர் சட்டையில்
சேவுகன் என்று ஆங்கிலத்தில் இருந்தது.
"காளையார்கோவில் பக்கமா?"
"பக்கம் என்ன, அதேதான்.
இது சாக்கடைத் தண்ணியாமே அக்கா?"
"ஆமா. நான்தான் பாத்து அனுப்புறேன்."
மேலும் கீழும் பார்த்தார்.
"அப்ப நல்லாத்தான் இருக்கும்."
"ஒரு வாய் குடிச்சுப் பாருங்களேன்."
"டியூட்டி."
"ஞாயித்துக்கிழமை, தேக்காவுல?"
"தெருவுல குடிச்சா ஃபைன்"
என்றபடி அடுத்த பீப்பாயைச் சாய்த்தார்.

முதல் மிடறு.
முன்னால் கசப்பு, பின்னால் ஏதோ பழத்தோல்.
நாக்கால் துழாவினேன்:
புக்கிட் மேராவில் எவரோ அரிசி களைந்தது,
ஒரு மருத்துவமனைத் தரை,
நேற்றிரவு நான் அழுது கழுவிய முகம்.
ஒன்றும் தட்டுப்படவில்லை.
அடையாளமே இல்லை.
வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறேன்.

தமிழில் கள்ளின் தெளிவுக்குப் பழைய பெயர் தேறல்.
வண்டல் கீழே இறங்க, மேலே நிற்பது.
தேறுவதும் அதே வேர்,
அழுதவள் தேறுவதும்.
பூன் ஹுவியிடம் விளக்கிப் பார்த்தேன்.
"அப்போ பீர் என்றால் பாஸ்?" என்றான்.
கிட்டத்தட்ட, என்றேன்.

சுவரில் உயரத்தில் ஓட்டுச் சித்திரங்கள்.
நெல் நடுகிறார்கள். ஈயம் எடுக்கிறார்கள்.
ஒருவன் ரப்பர் மரத்தைக் கீறுகிறான்,
அவன் முகம் பாதி நிழலில்.
தொண்ணூறு வருடமாக
அவனுக்கு ஓய்வு மணி அடிக்கவில்லை.
கீழே முந்நூறு பேர் கோப்பையை உயர்த்துகிறோம்.
யாரும் அவனைப் பார்த்து உயர்த்தவில்லை.
நான் உயர்த்தினேன் என்று சொல்ல ஆசைதான்,
கையில் வறுத்த கடலை இருந்தது.

பத்தேகாலுக்குக் கடைசி ஊற்று
என்று ஒலிபெருக்கி சொன்னது.
அந்தக் கூடத்துக்கு அந்தக் குரல் பழக்கம்,
ஒரு கணம் எல்லாரும்
பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டோம்.
சித்தி ஹஜர் சோடாவோடு வந்தாள், ஜெயித்த முகம்.
என்னிடம் ஒரு வில்லை மிச்சம்.
எந்த ஊருக்கும் செல்லாத டிக்கெட்.

கிளம்புமுன் நீண்ட வரிசை, கழிப்பறைக்கு.
என் முறை வந்தது, முடிந்தது.
திங்களோ செவ்வாயோ பார்க்கலாம் என்று
சொல்லிவிட்டு
இழுத்துவிட்டேன்.