வியாழக்கிழமை

பதினோராவது தடவை கேட்கிறார் வெண்டெல்:
"தெப்ரெட்சென் வண்டி போய்விட்டதா?"
போய்விட்டது என்றால் அழுகை.
போகவில்லை என்றால் காலணியைத் தேடுவார்.
"தாமதம்" என்று சொல்லக் கற்றுக்கொண்டேன்.
தாமதம் அவருக்குப் புரியும்.
முப்பத்துநான்கு வருடம் சோல்நோக் நிலையத்தில்
அதை ஒலிபெருக்கியில் அறிவித்தவர்.

அக்டோபரில் எனக்கு முதுகில் அக்கி வந்தது.
மருத்துவர் பார்த்துவிட்டு,
உங்கள் வீட்டில் யார்தான் தூங்குகிறீர்கள் என்றார்.
யோசித்தேன்.
பூனை.

அதற்கு முந்தின வாரம்
அவர் கையை நான் அடித்திருந்தேன்.
அடுப்புக் குமிழைத் திருகித் திருகி
நிறுத்தாத கை.
அவர் அந்த நிமிடமே மறந்துவிட்டார்.
மறக்காதவள் ஒருத்தி
அதே வீட்டில் இருக்கிறாளே.

இப்போது வியாழன்தோறும் மூன்று மணிக்கு
மேல்மாடி கிங்கா வருகிறாள்.
செவிலியர் படிப்பு, மூக்கில் வளையம், பையில் சீட்டுக்கட்டு.
சாவியை அவள் கையில் வைக்கும்போது
திருட்டுப் பொருளைக் கைமாற்றுகிறவள்போல்
படிக்கட்டைப் பார்த்துக்கொள்கிறேன்.
"குளியலா? இந்த நிலைமையிலா?"
என்றார் வெண்டெலின் அக்கா ஹெட்விக், தொலைபேசியில்.
அவர் இருப்பது வியன்னாவில்.

முதல் வியாழன்
வெந்நீர்க் குளத்தின் வாசல்வரை போய்த் திரும்பினேன்.
அடுத்த வியாழன் சீட்டு வாங்கி,
உடைமாற்றும் அறையில்
கோட்டோடு உட்கார்ந்திருந்தேன், கைபேசியைப் பார்த்தபடி.
மூன்றாவது வியாழன் இறங்கினேன்.

பழுப்பு நீர். துருவும் முட்டையும் கலந்த வாடை.
கழுத்துவரை மூழ்கிய பெண்கள்
முட்டைக்கோஸ் விலையைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.
ஒருத்தி கேட்டாள், கொஞ்சம் நகர முடியுமா என்று.
நகர்ந்தேன்.
இரண்டு மணி நேரத்தில்
என்னிடம் யாரும் கேட்டது அவ்வளவுதான்.
காதுகளை நீருக்குள் விட்டு மிதந்தேன்.
எங்கோ ஓர் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது,
குளத்தினுடையதா என்னுடையதா தெரியவில்லை.

திரும்பும் வழியெல்லாம் தீஸாவின் பக்கமிருந்து காற்று.
பையில் ஈரத் துண்டு, நீச்சலுடை,
அவற்றின்மேல், சந்தோஷமாக இருந்துவிட்ட குற்றம்.
இறக்கிவைக்கத் தெரியவில்லை.
தோள் மாற்றிக்கொண்டேன்.

கதவைத் திறந்தவர் வெண்டெல்.
"மன்னிக்க வேண்டும், என் மனைவி வீட்டில் இல்லை.
குளிக்கப் போயிருக்கிறாள்."
அவர் முதுகுக்குப் பின்னால்
கிங்கா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.
"வியாழக்கிழமை போவாள்.
வரும்போது நல்ல மனநிலையில் இருப்பாள், நீங்களே பாருங்கள்.
அடடா, உங்கள் தலையும் ஈரமாய் இருக்கிறதே."

அவர் இழுத்துப்போட்ட நாற்காலியில்
கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்தேன்.
பையிலிருந்து தரையில் சொட்டியது.
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.
தொண்டையைச் செருமி,
பழைய குரலில், "தாமதம்" என்றார்.
ஆமாம் என்றேன்.
இருவருமாக
எனக்காகக் காத்திருந்தோம்.